பசியோடு இருக்க வேண்டிய செடிகள்

மாஸ்டருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. வங்கியில் யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவரும் மற்றவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்ப்பார். நூல் ஆலையின் கேன்டீனில் சமையல்காரராகச் சேர்ந்த வாரமே அந்தப் பெயர் கழன்று விழுந்துவிட்டது. பிறகு ஓய்வு பெறும்வரை, ஓய்வு பெற்ற பின்னும், அவர் எல்லோருக்கும் மாஸ்டர்தான்.

ஆலையில் ஷிப்டு முடிந்து வருபவர்கள் நீண்ட தகர மேசைகளில் வரிசையாக உட்காருவார்கள். பரிமாற ஆட்கள் இருந்தும், மாஸ்டர் கரண்டியோடு கடைசியில் ஒரு சுற்று தானே வருவார். வரிசையில் ஒருவரை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போகக் கூடாது என்பது அவர் வைத்திருந்த ஒரே சட்டம். உப்புக் கூடிவிட்டதென்று நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்த மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். அவருக்கு மாஸ்டர் அன்றும் போட்டார், கூடவே ஒரு கரண்டி அதிகம் போட்டார். ஏனென்று உதவியாளர்கள் கேட்டதற்கு, வாய் நிறைந்திருந்தால் பேச மாட்டான் என்றார்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று அவர் யாரிடமும் விவரித்ததில்லை. மனைவிக்கு மட்டும் தெரியும். சிறு வயதில் அவர் ஒரு விடுதியில் தங்கிப் படித்தார். அங்கே அண்டா எப்போதும் வரிசையின் ஒரே முனையில் புறப்படும். மறுமுனைக்கு வந்து சேரும்போது அடியில் கரண்டி உரசும் சத்தம்தான் மிச்சம். நாளைக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்போம் என்று பரிமாறுகிறவர் சொல்லிவிட்டுப் போவார். மறுநாள் மறந்துவிடுவார். குள்ளமான பையன்களை மறுமுனையில்தான் உட்கார வைத்தார்கள். மாஸ்டர் வளர்ந்தும் குள்ளம்தான்.

அவர் மனைவிக்கும் ஊரில் ஒரு பட்டப்பெயர் இருந்தது. சட்டியக்கா. ஊருக்கு மேற்கே, கல்லை வெட்டித் தீர்த்துவிட்டுப் போன குவாரியின் கழிவுகளைக் கொட்டிக் கொட்டி ஒரு குன்றே எழும்பியிருக்கிறது. தூசி மேடு என்பார்கள். காற்று அடித்தால் அதன் பொடி ஊரெல்லாம் பறக்கும், மழை பெய்தால் அதன் சேறு கீழ்த்தெருவுக்குள் இறங்கும். மாஸ்டரின் வீடு கீழ்த்தெருவில். ஒரு மழையில் சேறு வாசலைத் தாண்டி வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டது. அந்த மேட்டில் செடி வளர்த்து மண்ணைப் பிடித்து நிறுத்துவதற்காக அடிவாரத்தில் ஒரு நாற்றுப்பண்ணை வைத்திருந்தார்கள். சட்டியக்கா அங்கே சட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவள்.

மேட்டில் இருமுறை செடி நட்டார்கள். இருமுறையும் மழை விட்டதும் காய்ந்துபோயின. இரண்டாம் முறை வேருக்கு உதவும் பூஞ்சை என்று ஏதோ பாக்கெட் வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள், அதுவும் பிடிக்கவில்லை. அதன் பிறகுதான் பண்ணையின் லேப்பில் வேலை பார்க்கும் பெண்ணும் சட்டியக்காவும் குவாரிக்குப் பின்புறம் போனார்கள். வெட்டாமல் விட்டிருந்த ஒரு துண்டு மலையில் பழைய மரங்கள் நின்றன. அவற்றின் வேரோடு ஒட்டிய மண்ணைக் கூடையில் எடுத்து வந்தார்கள். எடுத்து வைத்தது நல்லதாயிற்று. அடுத்த ஆண்டே அந்தத் துண்டையும் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள்.

அந்த மண்ணில் இருந்த பூஞ்சை, உயிருள்ள வேருக்குள் மட்டுமே வளரும் வகை. தட்டில் வைத்தோ பாட்டிலில் வைத்தோ வளர்க்க முடியாது. ஆகவே சட்டிகளில் தூசி மேட்டுக் கழிவையே நிரப்பி, மக்காச்சோளம் விதைத்து, அதன் வேரில் இதைக் குடியேற்றினார்கள். சோளம் முற்றியதும் தண்டை வெட்டிவிட்டு, வேரும் மணலுமாக உலர்த்தி நறுக்கினால் அதுவே விதை. அதில் கொஞ்சம் எடுத்து அடுத்த சட்டியில் போடுவார்கள், அங்கும் குடியேறும். இப்படியே சட்டிக்குச் சட்டி சட்டியக்கா அதைக் காப்பாற்றி வந்தாள். கொட்டகையின் நடுவில் பெரிய வரிசை, அது நடவுக்கு. சுவரோரம் தனியாகச் சில சட்டிகள். அவை அடுத்த தலைமுறைக்கான தாய்ச்சட்டிகள். போதுமான சட்டிகள் சேர்ந்ததும், முதல்முறையாக இந்தப் பூஞ்சையோடு மேடு முழுவதும் நடுவதாக ஏற்பாடு. ஒவ்வொரு குழிக்கும் ஒரு பிடி வேர்மணல் போட வேண்டும்.

சட்டியக்கா இதையெல்லாம் கணவரிடம் சாப்பிடும்போது சொல்வாள். பூஞ்சை வேரை விட மெல்லிய இழைகளைத் தூரத்துக்கு அனுப்பி, வேருக்கு எட்டாத இடத்திலிருந்து தண்ணீரும் மணிச்சத்து எனும் பாஸ்பரஸும் கொண்டுவந்து கொடுக்கும், செடி அதற்குக் கூலியாகத் தன் சர்க்கரையைக் கொடுக்கும் என்பாள். மாஸ்டர் கேட்டுக்கொண்டே, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்பார். அவருக்குச் சாப்பிடுகிறவர் தட்டில் இருக்கும் கண் வேறெங்கும் போகாது.

நடவுக்குச் சில வாரங்கள் இருந்தபோது சட்டியக்காவுக்கு வயிறு கல்லாக உப்பிவிட்டது. குடல் முறுக்கிக்கொண்டிருக்கிறது, உடனே அறுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். ஆட்டோவில் போகும்போது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டே கணவரிடம் பேசியது முழுவதும் சட்டியைப் பற்றித்தான்.

“தண்ணி மட்டும் ஊத்துங்க. வேற ஒண்ணும் போடாதீங்க.”

“சரிம்மா. நீ பேசாம வா.”

“இலை மஞ்சளாத்தான் இருக்கும். பாத்துப் பயந்துடாதீங்க. அது பசியா இருந்தாத்தான் பூஞ்சையைச் சேத்துக்கும்.”

“சரின்னு சொல்லிட்டேன்ல.”

அவர் சரி என்று சொன்னது சட்டிக்கு அல்ல. மனைவி பேச்சை நிறுத்தினால் வலி குறையுமோ என்பதற்காகச் சொன்னது.

பண்ணை மேனேஜர், மாஸ்டரே பார்த்துக்கொள்வார் என்று கேட்டதும் நிம்மதியானார். நாற்றுகளுக்கே ஆள் போதாத நேரம். மாஸ்டர் தினமும் மனைவிக்குச் சாப்பாடு கொண்டுவந்து அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறவர். குழாய் எங்கே, வாளி எங்கே என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் முதல் அறுவை சரியாக நடந்தது. ஆனால் உள்ளே தைத்த இடத்தில் கசிந்து, மறுபடி திறக்க வேண்டியதாயிற்று. மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய், வயிற்றில் ஒன்று. கட்டிலின் தலைமாட்டில், வாய்வழியாக எதுவும் கூடாது என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தார்கள். மாஸ்டர் பழக்கத்தில் அடுக்குக் கேரியரோடுதான் முதல் நாள் போனார். நர்ஸ் அதை வாங்கித் திறந்து முகர்ந்துவிட்டு, வாசனை நல்லாத்தான் இருக்கு, வெளியே கொண்டுபோங்க என்றார். பக்கத்துக் கட்டில் நோயாளிக்குத் துணை இருந்தவர் அதைச் சாப்பிட்டார். மறுநாளிலிருந்து அவருக்காகவே மாஸ்டர் சமைத்தார். கேரியர் காலியாகத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

மனைவி தண்ணீர் கேட்டாள். சாப்பாடு கேட்டிருந்தால்கூட மாஸ்டர் தாங்கியிருப்பார். தண்ணீர்தான் கேட்டாள், அதுவும் கையைக் காட்டி, ஒரு சொட்டு என்று விரல் நுனியால். உதட்டில் தோல் வெடித்து நின்றது. ஈரப் பஞ்சால் துடைக்கலாம், ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. அவர் பஞ்சை நனைத்துப் பிழிந்தார். போதாதென்று இன்னும் பிழிந்தார். உலர்ந்த பஞ்சு போல ஆன பிறகு துடைத்தார். மனைவி அந்தப் பஞ்சைப் பல்லால் பிடிக்கப் பார்த்தாள். மாஸ்டர் அதை இழுத்துக்கொண்டார். ஆயிரம் பேருக்கு ஆக்கிப் போட்ட கை, வீட்டுக்காரியின் வாயிலிருந்து ஈரப் பஞ்சைப் பிடுங்குகிறது. அவர் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டார்.

அங்கிருந்து நேரே கொட்டகைக்குத்தான் வந்தார். தகரக் கூரையின் கீழ் மக்காச்சோளம் வரிசையாக நின்றது. எல்லாம் வெளிறிய மஞ்சள். அடி இலைகள் ஊதா ஓரம் கட்டிச் சுருண்டிருந்தன. தண்ணீர் ஊற்றினார். ஊற்றியும் அவை அப்படியே நின்றன. வெளி வாசலில் பூச்செடி விற்பனைப் பகுதியைப் பார்த்துக்கொள்கிறவர் ஓர் ஓரமாக வந்து எட்டிப் பார்த்தார்.

“என்ன மாஸ்டர், சோளத்துக்குக் காமாலையா?”

“அக்கா தண்ணி மட்டும் போதும்னு சொல்லியிருக்கு.”

“அக்கா ஆஸ்பத்திரியில படுத்துட்டுச் சொல்லும். செத்துப்போச்சுன்னா உங்களத்தான் கேக்கும். ஒரு கை உரத்தைக் கரைச்சு ஊத்துங்க. ரெண்டு வாரத்துல நெகுநெகுன்னு வந்து நிக்கும்.”

அவரைக் குறை சொல்ல முடியாது. தன் ரோஜாவுக்கு எது நல்லதோ அதைத்தான் அவர் சொன்னார். மாஸ்டரையும் முழுக்கக் குறை சொல்லிவிட முடியுமா என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு சட்டம் சொன்னார்கள். நர்ஸ் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், அதற்கு அடங்கினார். கொட்டகையில் நின்று பார்க்க யாரும் இல்லை. மனசு கேட்கவில்லை. அந்த மனசு மட்டும் அன்று சற்று வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

அவர் உரத்தை வாளியில் கரைத்தார். வீட்டிலிருந்து பழைய கேன்டீன் கரண்டியைக் கொண்டுவந்தார். சட்டிக்கு ஒரு கரண்டி. நடு வரிசை முடிந்ததும் வாளியில் மிச்சம் இருந்தது. சுவரோரம் இருந்த தாய்ச்சட்டிகளைப் பார்த்தார். அவை தனியாக, ஒதுங்கி, மற்றவற்றை விட மஞ்சளாக நின்றன. அவற்றை விட்டுவிட்டுப் போக அவரால் ஆகவில்லை. அவற்றுக்கும் ஊற்றினார். ஆளுக்கு ஒரு கரண்டி அதிகம்.

பூச்செடிக்காரர் சொன்னது பொய்யாகவில்லை. இலைகள் நிமிர்ந்தன, மஞ்சள் வடிந்து பச்சை ஏறியது. மாஸ்டர் இடைவெளி விட்டு இன்னும் சில முறை ஊற்றினார். அதே நாட்களில் மனைவிக்குக் காய்ச்சல் இறங்கியது, மூக்குக் குழாயை எடுத்தார்கள், கரண்டியால் தண்ணீர் கொடுக்கலாம் என்றார்கள். இரண்டுக்கும் ஏதோ சம்பந்தம் இருப்பதாக அவருக்குத் தோன்றிவிட்டது. அது தவறு என்று சொல்ல அருகில் யாரும் இல்லை. லேப் பெண் பயிற்சிக்காக வேறு ஊருக்குப் போயிருந்தாள். மேனேஜர் கொட்டகைப் பக்கம் வந்தபோது, பரவாயில்லையே மாஸ்டர், அக்காவை விட நீங்க கைராசிக்காரர் போலிருக்கே என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாஸ்டர் அந்தப் பச்சையைப் போனில் படம் எடுத்தார். மனைவியிடம் கொண்டுபோய்க் காட்டினார். கட்டிலில் சாய்ந்து உட்கார முடிந்த முதல் நாள் அது. சட்டியக்காவுக்குப் போனைப் பிடிக்கத் தெம்பில்லை. அவர் பிடித்துக்கொள்ள, அவள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். மாஸ்டர் பாராட்டுக்குக் காத்திருந்தார்.

“என்ன போட்டீங்க?”

“தண்ணிதான்.” பிறகு, பொய் அவருக்குத் தொண்டைக்கு மேலே வராததால், “கொஞ்சம் உரம். ரொம்ப இல்ல.”

“எல்லாத்துக்குமா?”

“ஒண்ணையும் விடல.”

“சுவரோரம் இருந்தது?”

மாஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார். அதற்குத்தான் அதிகமாக ஊற்றினேன் என்று சொல்ல வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் கத்தவில்லை. கத்த வயிற்றில் தையல் விடாது. கண்ணை மூடிக்கொண்டு, லேப் பொண்ணைக் கூப்பிடச் சொல்லுங்க, வேரை எடுத்துப் பாக்கச் சொல்லுங்க என்றாள். அதற்கே மூச்சு வாங்கியது. நர்ஸ் வந்து, அவங்கள அழ வைக்காதீங்க, தையல் இழுக்கும் என்று மாஸ்டரை வெளியே அனுப்பினார். அவர் கதவருகில் நின்று பார்த்தபோது, மனைவி அழுகையை அடக்கத் தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்திருந்தாள்.

லேப் பெண் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தாள். மாஸ்டரைத் திட்டாமல், வாங்க, நீங்களும் பாருங்க என்று உள்ளே அழைத்துப் போனாள். சட்டிகளிலிருந்து வேர் நுனிகளை வெட்டிக் கழுவி, காரக் கரைசலில் வேக வைத்தாள். மாஸ்டருக்கு அடுப்பும் கொதியும் தெரிந்த விஷயம். பதம் வந்ததும் இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் குழைந்துவிடும் என்று அவர் சொன்னது சரியாகவே இருந்தது. வெந்த வேரை வினிகரும் பேனா மையும் கலந்த நீரில் ஊற வைத்தாள். பூஞ்சை இருந்தால் அது மட்டும் நீலம் பிடித்துக்கொள்ளும் என்றாள்.

முதலில் போன வருஷத்து வேர் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துக் காட்டினாள். மாஸ்டர் ஒரு கண்ணை மூடி, பிறகு மறு கண்ணை மூடி, கடைசியில் பார்த்துவிட்டார். வேரின் ஒவ்வொரு செல் அறைக்குள்ளும் சிறுசிறு நீல மரங்கள், கிளை விரித்து, கிளையிலிருந்து கிளை விரித்து நின்றன. இத்தனை நாள் மனைவி சாப்பாட்டுத் தட்டின் முன் சொன்னது இதைத்தானா என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

பிறகு அவர் வளர்த்த சோளத்தின் வேரை வைத்தாள். கழுவிப் பிழிந்த வெள்ளை நூல் போல அது சுத்தமாக இருந்தது. கண்ணாடித் தட்டை நகர்த்தினாள், அடுத்ததை வைத்தாள், அதற்கு அடுத்ததை வைத்தாள். ஒரே ஒரு துண்டில், ஓரமாக, ஓர் இழை நீலமாக ஓடிப் பாதியில் நின்றது.

“செத்துடுச்சா?” என்றார்.

“செத்துடுச்சுன்னு சொல்ல மாட்டேன் மாஸ்டர். செடிக்கு மணிச்சத்து நேராவே கிடைச்சிடுச்சு. அப்புறம் எதுக்குச் சக்கரையைக் கொடுத்து இதை வச்சுக்கும்? உள்ள விடறதில்ல.”

“நான் அதுக்கு நல்லதுதான் செஞ்சேன்.”

“செடிக்கு நல்லதுதான் செஞ்சீங்க.”

அவள் குத்திக் காட்டச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். மாஸ்டர் கழுவுத்தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கழுவிவிட்டால் போகுமா என்று கேட்டார். தழைச்சத்து என்றால் தண்ணீரோடு போய்விடும், மணிச்சத்து கல்பொடியைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது என்றாள். அவர் அதை நம்பவில்லை. நம்ப விரும்பவில்லை என்று சொல்வதுதான் சரி. சட்டி சட்டியாகத் தண்ணீர் ஊற்றி வடித்தார். மறுபடி ஊற்றி மறுபடி வடித்தார். கொட்டகைத் தரை சேறாகி, கூலிக்கு வந்தவர் ஒருவர் வழுக்கி விழுந்து, மாஸ்டர், எங்களையும் கழுவி ஊத்தறதா உத்தேசமா என்று கேட்டார். இலைகள் பச்சையாகவே நின்றன. வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்று வாடாதா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடவைத் தள்ளிப்போட முடியுமா என்று லேப் பெண் மேனேஜரிடம் கேட்டாள். அவர் கெட்டவர் அல்ல. கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். மேட்டுச் சரிவில் நடவுக்குப் படி வெட்டும் இயந்திரம் வந்து வேலையை ஆரம்பித்துவிட்டது. வெட்டிய படியை வெறுமையாக விட்டால் முதல் மழையிலேயே கரைந்து கீழ்த்தெருவுக்குள் இறங்கும். நடாமல் இருப்பதை விட நட்டுவிடுவது மேல் என்றார். சட்டியில் இருப்பதையே உலர்த்திப் போடுங்கள், அந்த ஓர் இழையாவது போகட்டும் என்றார். லேப் ஃபிரிட்ஜில் பழைய வேர்மணல் ஒரு சிறு பை இருந்தது. அதைப் புதுச் சட்டிகளில் போட்டுச் சோளம் விதைத்தார்கள். இந்த ஆண்டுக்கு அது உதவாது. வேர் பிடித்து வளர மாதங்கள் ஆகும், பிடிக்குமா என்பதும் சந்தேகம்.

சட்டியக்கா வீட்டுக்கு வந்தாள். எலும்பும் தோலுமாக, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மாஸ்டர் நீர்க்கச் சமைத்து, வடிகட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். அவள் சாப்பிட்டாள். போதும் என்றால் அவர் வற்புறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் என்ற வார்த்தையே அவர் வாயில் வர மறுத்தது. சட்டியைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை. மருந்து கொடுங்க, ஜன்னலைச் சாத்துங்க, இவ்வளவுதான் பேச்சு. மாஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில் ஒரு பகலில் அவரே ஆரம்பித்தார்.

“ஒரு வார்த்தை திட்டிடும்மா. நானும் பாத்துட்டே இருக்கேன்.”

“திட்டினா வேருக்குள்ள வந்துடுமா?”

“எனக்காகத் திட்டு.”

“நான் தண்ணி கேட்டப்போ பஞ்சை இழுத்துக்கிட்டீங்களே, அன்னிக்கு உங்க மேல எவ்வளவு கோவம் தெரியுமா? இப்போ நினைச்சா, அன்னிக்கு நீங்க செஞ்சதுதான் சரி. அதே மாதிரி அங்கயும் கையைக் கட்டிட்டு இருந்திருக்கலாம்.”

“ஒரு இடத்துலதான் முடிஞ்சுது. ரெண்டு இடத்துலயும் என்னால முடியலம்மா.”

அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. தட்டை மட்டும் அவர் பக்கம் நகர்த்தினாள். மாஸ்டர் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அது அவருக்கு நியாயமாகவே பட்டது.

நடவு அன்று தூறலிலேயே ஆரம்பித்தார்கள். சட்டியக்காவை மேட்டுக்கு வர விடவில்லை. மாஸ்டர் போனார். வேர்மணலைப் பரிமாறும் வேலையை அவருக்கே கொடுத்தார்கள். பிறருக்குப் படி ஏறத் தெரிந்த அளவுக்கு அளந்து போடத் தெரியவில்லை. குழிக்கு ஒரு பிடி. வாளியில் இருந்தது வேரும் மணலும்தான், பார்வைக்கு எந்த வித்தியாசமும் இல்லை. ஆனால் அது அநேகமாக வெறும் மணல் என்று அவருக்குத் தெரியும், பின்னால் செடி வைத்துக்கொண்டு வந்தவர்களுக்குத் தெரியாது. தாராளமாப் போடுங்க மாஸ்டர் என்று அவர்கள் சொன்னார்கள். காலித் தட்டுக்குக் காலிக் கரண்டியைக் காட்டிக்கொண்டு போகிற மாதிரி அவருக்கு இருந்தது. இருந்தும் ஒரு குழியையும் விடவில்லை. அந்த ஓர் இழை எந்தப் பிடியில் இருக்கிறதோ, யார் கண்டது.

மழைக்காலம் முழுவதும் செடிகள் நன்றாகத்தான் இருந்தன. கீழ்த்தெருக்காரர்கள் நிமிர்ந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். மாஸ்டர் யாரோடும் சேர்ந்து சந்தோஷப்படவில்லை. மழை விட்டது. மேல் படிகளிலிருந்து மஞ்சள் ஆரம்பித்து, ஒவ்வொரு படியாக இறங்கியது. மேனேஜர் தண்ணீர் வண்டியை அனுப்பினார். ஊற்றிய தண்ணீர் கல்பொடிக்குள் இறங்கி எங்கோ போயிற்று. உரம் தூவலாமா என்று யாரோ கேட்டதற்கு, இருக்கும் ஓர் இழையையும் அனுப்பிவிடாதீர்கள் என்று லேப் பெண் தடுத்துவிட்டாள். காற்று திரும்பியதும் தூசி மறுபடி ஊருக்குள் பறந்தது. கீழ்த்தெருவில் மறுபடி ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள். ஏன் காய்ந்தது என்று பேச்சு வந்தபோது, மண் சரியில்லை என்று ஊரார் தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். மாஸ்டர் பூச்செடிக்காரரிடமும் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. பார்த்தால் தலையசைத்துவிட்டுப் போனார்.

ஃபிரிட்ஜ் மணலில் விதைத்த சட்டிகளின் வேரை லேப் பெண் எடுத்துப் பார்த்தாள். அந்த அறைக்கு இப்போது சட்டியக்காவும் வந்தாள், ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு. மாஸ்டர் கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே தட்டுகளை மாற்றி மாற்றி வைக்கும் சத்தம் கேட்டது. நீண்ட நேரம் அந்தச் சத்தம் மட்டுமே கேட்டது. வெளியே வந்தபோது சட்டியக்கா, மணல் ரொம்பப் பழசுங்க என்றாள். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. அந்தச் சட்டிகளை அவள் கொட்டிவிடச் சொல்லவுமில்லை. இன்னொரு தடவை விதைத்துப் பார்ப்போம் என்று அவள் லேப் பெண்ணிடம் சொன்னது, நம்பிக்கையில் சொன்னது போல இல்லை. கை சும்மா இருக்க முடியாமல் சொன்னது போல இருந்தது.

மேட்டில் எஞ்சியது கீழ்ப் படியின் தெற்கு மூலையில் ஒரு சிறு திட்டு. அங்கே நாலைந்து செடிகள் சாகவில்லை. வளரவும் இல்லை. இலை சிறியதாக, வெளிறி, ஆனால் உயிரோடு நின்றன. அந்த மூலையில் பாறை இடுக்கில் ஏதோ நீர்க்கசிவு இருக்கிறது, அதனால் இருக்கலாம் என்றார் மேனேஜர். அந்த ஓர் இழை அங்கே போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று மாஸ்டருக்குத் தோன்றியது. தோன்றியதிலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். பூஞ்சை இருந்தால் அதிலிருந்தே மறுபடி சட்டிகளை ஆரம்பித்துவிடலாம். அவர் மண் தோண்டும் சிறு கரணை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டபோது சட்டியக்கா தடுத்தாள்.

“வேண்டாங்க. அது இப்போத்தான் கல்லுக்குள்ள நுழைஞ்சு பிடிச்சிருக்கு. தொட்டா வேர் அறுந்துடும்.”

“ஒரே ஒரு நுனி. பாத்துப் பதமா எடுக்கறேன்.”

“இருக்குன்னு தெரிஞ்சுக்கறதுக்காக இருக்கறதைக் கொல்லணுமா? அடுத்த மழை வரட்டும். அது தாங்குச்சுன்னா பாக்கலாம்.”

“தாங்கலன்னா?”

“தாங்கலன்னா இல்லன்னு தெரிஞ்சுடும்.”

அவள் குரலில் கோபம் இல்லை. அவளாலும் அதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது என்பது மட்டும் தெரிந்தது. மாஸ்டர் கரணையைப் பையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தார்.

இருந்தாலும் சாயங்காலங்களில் அவர் அந்தத் தெற்கு மூலைக்குப் போகிறார். வெறுங்கையோடு போகிறார். செடிகளுக்குச் சற்றுத் தள்ளி, கால் பட்டு மண் சரிந்துவிடாத தூரத்தில் ஒரு கல்லில் உட்காருகிறார். இலை ஒன்று மஞ்சளானால் மஞ்சளாவதைப் பார்க்கிறார். ஒரு நாள் ஆலையில் அவரிடம் சாப்பிட்ட பழைய தொழிலாளி ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்த வழியாக வந்தார். மேட்டடியில் நின்று, என்ன மாஸ்டர், இங்க யாருக்குப் பரிமாறறீங்க என்று கேட்டுச் சிரித்தார். பிறகு செடிகளைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

“பாவம், ரொம்பப் பட்டினியா இருக்கும் போலிருக்கே. இதுக்கு என்ன போடறீங்க?”

“ஒண்ணும் போடல” என்றார் மாஸ்டர்.

சைக்கிள்காரர் செடிகளை இன்னொரு முறை பார்த்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் போன பிறகும் மாஸ்டர், காற்று எழும்பித் தூசி கண்ணில் அடிக்கும்வரை, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.